சிலம்பாயி கடைப் பாயில் படுத்தவர்கள்

மருதந்துறையில் ஆடி முதல் வெள்ளியன்று காவிரிக் கரையில் கடை விரித்தால் பதினெட்டாம் பெருக்கன்று சாயந்தரம்தான் சுருட்டுவார்கள். அந்தச் சந்தையில் விற்கிற எதுவும் ஏதோ ஒரு செடியிலிருந்தோ மரத்திலிருந்தோ புல்லிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும், மூங்கில் முறம், பனையோலை விசிறி, வெட்டிவேர்த் தட்டி, பிள்ளைகள் இழுத்துக்கொண்டு ஓடுகிற மரச் சப்பரம், ஆற்றுக்குப் படைக்கிற காதோலை கருகமணி என்று படித்துறையிலிருந்து ஆரம்பித்து அரசமரம் வரை கடைகள் நெருக்கிப் பிடித்து நிற்கும். அரசமரத்து நிழல் மட்டும் பாய்க்கடைக்கு. ஏனென்றால் மருதந்துறையில் பாயைப் படுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள், அதுவும் இரண்டு பேராகப் படுத்து. ஒரு ஆள் படுத்தால் எந்தப் பாயும் அகலமாகத்தான் தெரியும் என்பது அந்த ஊர்க் கணக்கு. புருசனும் பெண்டாட்டியும், மாமியாரும் மருமகளும், துணைக்கு ஆள் இல்லாதவர் பக்கத்துக் கடைக்காரரையாவது கூப்பிட்டு, பட்டப்பகலில் ஊர் நடுவில் காலை நீட்டி மல்லாந்து கிடப்பார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். படுக்கக் கூடாதவர்கள் பாயை நெய்தவர்கள் மட்டும்தான். நெய்தவர் உடம்பு பட்டால் அந்தப் பாய் விலை போகாது என்று காலங்காலமாக ஒரு நம்பிக்கை.

அந்த ஆடியில் அரசமரத்தடியில் கடை போட்டவர்கள் சிலம்பாயியும் அவள் வீட்டுக்காரன் வையாபுரியும். ஒரே தறியில் எதிரும் பக்கமுமாக உட்கார்ந்து நெய்கிறவர்கள், அவள் கோரையைக் குச்சியில் மாட்டி உள்ளே விட அவன் அதை நெருக்குகிற அச்சை இழுத்து அடிப்பான், தறியிலிருந்து இறக்கிய பாய்க்கு ஓரம் மடக்கிக் கட்டுவதும் அவன்தான், கட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து 'சரி' என்று சொல்வது அவள். போன ஐப்பசியிலிருந்து அவள் 'சரி' சொல்வதை நிறுத்தியிருந்தாள். அவன் எதையுமே சொல்வதை நிறுத்தியிருந்தான்.

சண்டைக்குக் காரணம் ஒரு கட்டுக் கோரை. தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பாய் நெய்து கொடுக்க வேண்டும் என்று சிலம்பாயி பச்சைக் கோரையை மயிரிழையாகக் கிழித்து, ஒவ்வொரு இழையிலும் ஒரு பக்கம் பச்சை மேனியை விட்டு, அப்படிக் கிழிக்க அந்த வட்டாரத்தில் அவளுக்கு மட்டும்தான் கை வரும், மாதக்கணக்கில் சேர்த்து வைத்த கட்டு அது. தன் கூரைப் புடவையின் சிவப்புக் கரையைக் கிழித்து அதைக் கட்டி, ஆற்றில் ஊறப் போடச் சொல்லி வையாபுரியிடம் கொடுத்தாள். கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊற வைத்தால்தான் பாய் பளபளக்கும். ஐப்பசி ஆற்றை நம்பிக் கோரை போடுகிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வையாபுரி முளையடித்துக் கட்டிவிட்டு, அக்கரையில் கபடி என்று கேள்விப்பட்டுப் பரிசல் ஏறிப் போய்விட்டான். மேலே எங்கேயோ மழை, ஆறு ஒரே மூச்சில் ஏறியது, முளையோடு கோரைக்கட்டையும் கொண்டு போய்விட்டது.

பொழுது சாயும் நேரத்தில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலில் நின்றவனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "உன்ன நம்பி ஒரு புல்லக்கூட ஊறப் போட முடியாது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். என்னவோ சொல்லத் திறந்த வாயை வையாபுரி அப்படியே மூடிக்கொண்டான். அன்றைக்கு மூடியதுதான். தறியில் பேச்சு தேவையில்லை, கை தன் வேலையைச் செய்துகொள்ளும், ஆகவே அந்த வருஷம் முழுக்க அவர்கள் வாயைத் திறக்காமலே பாய் மேல் பாயாக நெய்தார்கள், முன்னெப்போதையும்விட அதிகமாகவே நெய்தார்கள்.

சந்தையில் அவர்களுக்குப் பக்கத்துக் கடை முறம் விற்கிற பெரியண்ணன். நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

"பெரியண்ணே, அவருகிட்டச் சொல்லுங்க, சோறு ஆறுதாம்."

"பெரியண்ணே, அவகிட்டச் சொல்லுங்க, எனக்குப் பசிக்கல."

"ஏம்ப்பா, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபாலாபீசா நடத்துறேன்" என்று அலுத்துக்கொள்வார், ஆனால் தபாலை ஒழுங்காகப் பட்டுவாடா செய்வார். அப்படி அவர் மூலமாகத்தான் சந்தை ஆரம்பித்த அன்றே அந்தச் செய்தியும் வந்தது. பெருக்கு முடிந்ததும் வையாபுரி சாயந்தர பஸ்ஸில் திருப்பூர் போகிறான், அவன் தங்கச்சி வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுகிறாராம், தறியை அவள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சிலம்பாயிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சோறு ஆறுவதைச் சொல்லி அனுப்பலாம், அந்த வார்த்தையைப் பெரியண்ணனிடம் கொடுத்து அனுப்ப முடியுமா. அவனிடம் நேரே சொல்ல ரோஷம் விடவில்லை.

முதல் பாயைப் படுத்துப் பார்த்தவர்கள் சப்பரம் செய்கிற பரமசிவ ஆசாரியும் அவர் சம்சாரம் கோமளமும். ஆடிக் காற்றுக்கு இரண்டு பேருமே கண்ணயர்ந்துவிட்டார்கள். எழுந்ததும் ஆசாரி சம்சாரத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ எதுக்குடி எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த?"

"வராம. மூணாங்கிளாசுல முட்டி போட்டுக்கிட்டு இருந்தீங்க, பாவமா இருந்துச்சு, ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்தேன்."

"ஆமா, கொண்டாந்த. சொம்பு நசுங்கியிருந்துச்சு."

"அது எங்கம்மா வீட்டுச் சொம்பு" என்றாள் கோமளம். பிறகு சிலம்பாயியிடம் திரும்பி, "பாயி நல்லாருக்கு ஆத்தா, ஒரே கனவுக்குள்ள ரெண்டு பேரும் தாராளமாப் பொழங்கலாம், இடிக்கல" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். சிலம்பாயியும், "வெயில்ல மட்டும் ரொம்ப நேரம் போடாதீங்கக்கா, வெளுத்துரும்" என்று சொல்லிச் சுருட்டிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் மருதந்துறையில் பாதி வீடுகளில் சிலம்பாயி கடைப் பாய் விரித்தாகிவிட்டது, ஒரு பாயில் படுத்தவர்களுக்கு ஒரே கனவு என்பது மாவு அரைக்கிற மிஷின் வந்தபோது எப்படிப் பழகியதோ அப்படிப் பழகிப்போனது. காலையில் டீக்கடையில், "நேத்து உங்க கனவுல ரொம்ப நேரம் நின்னுட்டேன் மாமா, கால் வலிக்குது" என்று ஒருவர் சொல்வார், "உக்காந்திருக்கலாம்ல மாப்ள, நாற்காலி கெடந்துச்சே" என்பார் மற்றவர். மசக்கையாக இருந்த மருமகள் வாய் திறந்து கேட்காத பலாச்சுளையைக் கனவில் அவளோடு சேர்ந்து தின்ற மாமியார், விடிந்ததும் முதல் பஸ் பிடித்து முழுப் பழமே கொண்டுவந்து இறக்கினாள். ஜென்மப் பகையாளிகளான இரண்டு வார்டு மெம்பர்கள் பாய் வாங்க வந்த இடத்தில் துணைக்கு வேறு ஆள் கிடைக்காமல் ஒன்றாகப் படுத்து, ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் வேட்டி இல்லாமல் நிற்கிற ஒரே கனவை இரண்டு பேரும் கண்டு, ஒருவர் மானத்தை இன்னொருவர் துண்டால் மறைத்துவிட்டதால், அதற்கப்புறம் பொதுக்குழாய் விஷயத்தில் ஒரே கட்சியாகிவிட்டார்கள். கோயில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் மத்தியானம் ஒரே பாயில் படுத்து எழுந்து போய் வாசித்தால், எங்கே நிறுத்துவது என்று ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஆட்டுக்குட்டியைப் பாயில் படுக்க விட்ட ஒருவர் மட்டும் ராத்திரி முழுக்க எதையோ மென்றுகொண்டே இருந்ததாகச் சொல்லித் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பாயை மாற்றித் தரச் சொன்னார், சிலம்பாயி குட்டியை மாற்றிக் கட்டச் சொன்னாள்.

மரியாதைகளும் தானாக ஏற்பட்டன. அடுத்தவர் கனவில் கண்டதை அவர் அனுமதி இல்லாமல் வெளியில் சொல்லக் கூடாது. கடன் கேட்கக் கூடாது. கனவில் யாராவது அழுதால் ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கைக்குழந்தையோடு படுத்த ஒரு தாயும் தகப்பனும் அதன் கனவுக்குள் போய்விட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, அங்கே உருவமே கிடையாதாம், வெதுவெதுப்பும் பால் வாசனையும் தூரத்தில் ஒரு குரலும்தானாம், அந்தக் குரல் தன்னுடையது என்று தெரிந்ததும் அந்தத் தாய் விம்மி விம்மி அழுதிருக்கிறாள். காரணம் என்ன என்று யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தண்ணி வாகு என்றார்கள், கோரை வாகு என்றார்கள், காதோலை விற்கிற அங்கம்மா மட்டும், "பேசாத கை நெய்ஞ்ச பாயி, வேற என்ன செய்யும்" என்று முனகிவிட்டுத் தன் ஓலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்குமே உறுத்தியது. அதைக் கேட்க வந்தவளும் கோமளம்தான்.

"எல்லாம் சரி ஆத்தா, யாரு கனவா இருந்தாலும் அதுக்குப் பின்னால ஒரு ஆறு ஓடுது. அதுல ஒரு கோரைக்கட்டு மெதந்து போகுது. செவப்புத் துணி கட்டுனது. அது யாரோடது?"

சிலம்பாயிக்குக் காது சூடாகியது. பக்கத்தில் பாய் அடுக்கிக்கொண்டிருந்த வையாபுரியின் முதுகு அசையாமல் நின்றது. "யாரோடதோ" என்றாள் அவள். அப்புறம் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பலாச்சுளைக்குப் பின்னால், வேட்டி இல்லாத கூட்டத்துக்குப் பின்னால், பால் வாசனைக்குப் பின்னால்கூட அந்தக் கட்டு போய்க்கொண்டிருந்தது. தன் வீட்டுச் சண்டையை ஊரே தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு மானம் போனது.

இரண்டாவது வாரம் தவில்காரர் வந்து, "நேத்துப் புதுசா ஒரு ஆளு, அந்தக் கட்டுக்குப் பின்னாலயே அக்கரையில ஓடுறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பலாச்சுளை மாமியார்க்காரி வந்தாள்.

"சட்டை போடல, கபடி ஆடுற டவுசரு. ஆட்டத்துல பாதியில எந்திரிச்சு ஓடியாந்த மாதிரி இருக்கு. ஊரு ஊரா ஓடுறான் பாய்க்காரம்மா, கருவேல முள்ளுல விழுந்து காலைக் கிழிச்சுக்கிட்டான், அப்புறம் தண்ணிக்குள்ள குதிச்சான், ரெண்டு தரம் முங்கிட்டான், எனக்கே மூச்சு முட்டிருச்சு. கட்டு கைக்கு வந்துச்சு. ஆத்துத் தண்ணி விடல. ஒரு கைப்பிடி மட்டும் உருவிக்கிட்டு வந்தான்."

சிலம்பாயி அப்போதுதான் வையாபுரியின் கெண்டைக்காலைப் பார்த்தாள். ஐப்பசியிலிருந்து அங்கே இருந்த நீளமான தழும்பைக் கபடியில் பட்டது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். நனைந்து வந்ததைப் பரிசலில் நனைந்தது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். இன்னும் எத்தனை முடிவுகளை அவளாகவே கட்டியிருக்கிறாள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள்.

வையாபுரியிடமும் ஆட்கள் வந்தார்கள். வந்து சொன்னது ஆசாரி. "கட்டு எப்பவோ போயிருச்சு தம்பி. ஆனா இக்கரையில படித்துறையில ஒரு பொம்பள நிக்கிறா. பரிசல் கவுந்திருச்சுன்னு யாரோ கத்திக்கிட்டே ஓடுறாங்க. அதைக் கேட்டதுல இருந்து அவ கோரையப் பாக்கல, தண்ணியில தலை எதுனா தெரியுதான்னே பாத்துக்கிட்டு நிக்கிறா. அப்புறம் தூரத்துல ஒருத்தன் நடந்து வர்றான். அவனப் பாத்ததும் விழுந்தடிச்சு வீட்டுக்கு ஓடிப்போயி, ஒண்ணும் தெரியாத மாதிரி வெங்காயம் உரிக்க உக்காந்துட்டா." வையாபுரி கையிலிருந்த பாயைக் கீழே வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனான், திரும்பி வர நேரமாயிற்று. வந்தவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இரண்டு பேருமே பெரியண்ணனைத் தேடினார்கள், அவர் சாப்பிடப் போயிருந்தார்.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. படித்துறை கொள்ளாத கூட்டம், புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக் காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட, பிள்ளைகள் சப்பரத்தைக் கடகடவென்று மேடு பள்ளம் பார்க்காமல் இழுத்துக்கொண்டு ஓட, புளிச்சோறும் தேங்காய்ச் சோறுமாகக் கரையெல்லாம் மணத்தது. சிலம்பாயி கடையில் ஒரே ஒரு பாய் மிச்சம். அதற்கு இரண்டு சம்பந்தி வீடுகள் மல்லுக்கு நின்றன, மாப்பிள்ளையையும் பெண்ணையும் படுக்க வைத்துப் பார்க்க முடியாவிட்டாலும் மாப்பிள்ளையின் தகப்பனாரையும் பெண்ணின் தகப்பனாரையுமாவது படுக்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று. சிலம்பாயி அந்தப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தர மாட்டேன் என்றுவிட்டாள். மரத்துக்கு அந்தப் பக்கம் வையாபுரியின் பை கட்டித் தயாராக இருந்தது. தூரத்துப் பாலத்தில் இன்னும் கொஞ்ச நேரத்தில் திருப்பூர் பஸ் வந்துவிடும்.

"பெரியண்ணே" என்றாள்.

"இன்னைக்குத் தபாலாபீஸ் லீவு" என்றார் பெரியண்ணன், முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு.

அவள் கக்கத்திலிருந்த பாயை உதறி அரசமரத்தடியில் விரித்து, சந்தை முழுக்கப் பார்த்திருக்க அதில் போய்ப் படுத்துக்கொண்டாள், ஒரு ஓரமாக ஒதுங்கி, மறுபாதியைக் காலியாக விட்டு.

அங்கம்மா பதறிப்போனாள். "ஏண்டி, நெய்ஞ்சவ நீயே படுத்தா வெல போகாதுடி."

"விக்கிறதுக்கு இல்லக்கா."

பெரியண்ணன் முறத்துக்குப் பின்னாலிருந்து பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார், "ஒரு ஆளு படுத்துப் பாத்து என்னத்துக்கு ஆகும். ரெண்டு ஆளு படுக்கிறதுதான நம்ம ஊரு வழக்கம்."

வையாபுரி பையைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், பையை இறக்கி வைத்துவிட்டு வந்து மறுபாதியில் படுத்தான்.

உடனே சந்தை குரலைத் தாழ்த்திக்கொண்டது. பேரம் பேசியவர்கள் விரலால் பேசினார்கள், பிள்ளைகள் சப்பரத்தைச் சக்கரம் உருளாமல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், தவில்காரர் தவில் மேல் துண்டைப் போட்டு மூடினார், ஆட்டுக்குட்டியின் வாயை அதன் சொந்தக்காரர் பொத்திக்கொண்டார். ஒருக்களித்துப் படுத்த சிலம்பாயியின் கன்னம் பாயின் ஓரத்தில் இருந்தது. கண்ணுக்கு நேரே, மடக்கிக் கட்டிய ஓரத்துக்குள், மயிரிழையாக ஒரே ஒரு கோரை ஓடியது, ஒரு பக்கம் பச்சை மேனி விட்ட கோரை. அவள் கை கிழித்தது. அவன் ஆற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்த கைப்பிடியை ஒரு பாய்க்கு ஒரு இழையாக, ஓரத்தில் வைத்துக் கட்டியிருக்கிறான், அவள் தடவிப் பார்த்துச் 'சரி' சொல்லும்போது விரலில் தட்டுப்படும் என்று. அவள்தான் ஒரு பாயையும் தடவிப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் அதன் மேல் படுத்துத் தெரிந்துகொண்டது, நெய்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. இப்போது அவள் அந்த இழையை விரலால் தடவினாள், தடவிக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் அவன் ஓடினான், இக்கரையில் அவள் ஓடினாள், நடுவில் சிவப்புத் துணிக் கட்டு இரண்டு பேருக்கும் போக்குக் காட்டிக்கொண்டு போயிற்று. எங்கேயோ பால் வாசனை அடித்தது, பலாப்பழ வாசனையும். ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் கோமளம் நசுங்கின சொம்போடு நின்று, தண்ணி வேணுமா என்று கேட்டாள். ஓடி ஓடிக் கால் ஓய்ந்து இரண்டு பேரும் நின்றபோது கட்டும் நின்றது. தண்ணீர் வற்றிக் கணுக்கால் அளவாயிற்று. அவன் இறங்கி வந்தான், அவளும் இறங்கினாள்.

"பயந்துட்டியா?" என்றான்.

"செத்துட்டேன்" என்றாள் அவள். "அதான் அப்படிச் சொன்னேன்."

கட்டு தானாக அவிழ்ந்தது. கோரையெல்லாம் ஆற்றோடு போக, சிவப்புக் கரை மட்டும் அவள் காலைச் சுற்றிக்கொண்டது.

விழித்தபோது பாலத்தில் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. வையாபுரி எழுந்து உட்கார்ந்து, பஸ் போன திசையைப் பார்க்காமல், மரத்தடியில் அவள் மூடி வைத்திருந்த தூக்குச் சட்டியைப் பார்த்தான்.

"சோறு ஆறிருக்கும்" என்றான், அவளிடமே.

"ஆறித்தான் கெடக்கு, ஐப்பசியில இருந்து" என்றாள் சிலம்பாயி. அப்புறம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, தட்டில் சோற்றைப் போட்டாள். தவில்காரர் துண்டை எடுத்துவிட்டுத் தானாகவே ஒரு அடி அடித்தார்.

அடுத்த ஆடிக்கு அவர்கள் கடையில் பாய் வாங்கியவர்களுக்கு வெறும் தூக்கம்தான் வந்தது, நல்ல தூக்கம், ஆனால் அவரவர் கனவு அவரவருக்கு. போன வருஷத்துப் பாய்களும் தேயத் தேயச் சாதாரணப் பாய்களாகிவிட்டன. ஊருக்கு ஏமாற்றம். தறியடியிலிருந்து காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை, கோரை முரடு, அச்சு இழுப்பு சரியில்லை, தங்கச்சி வீட்டுக்குப் போகணும், ஏன் இப்போ போகணும் என்று அந்த இரண்டு பேரின் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறதே, அப்புறம் பாய்க்குள் எதுதான் தங்கும் என்று அங்கம்மா சொன்னாள். பெரியண்ணன் தலைமையில் நாலு பேர் வீட்டுக்கே வந்தார்கள்.

"ஊருக்காக ஒரு மாசம், ஒரே ஒரு மாசம், ரெண்டு பேரும் பேசாம இருந்து நெய்ஞ்சு குடுங்கப்பா. தபாலை நான் பாத்துக்கிறேன்."

இரண்டு பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சரி என்று ஒப்புக்கொண்டு, வந்தவர்களை அனுப்பிவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாடுவரை தாக்குப்பிடித்தது. சிலம்பாயி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள், வையாபுரி ஒரு வாய் வைத்தான், மென்றான், அவளைப் பார்த்தான், குழம்பைப் பார்த்தான், சன்னல் வழியே பெரியண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"உப்பு இல்ல" என்றான்.

"தெரியும்" என்றாள் சிலம்பாயி. "எவ்வளவு நேரம் தாங்குறன்னு பாத்தேன்."